பின்னங்காலில் முள் உண்டா? நெற்குப்பைக் கண்மாயில் ஈ பிடித்த கதை

லாட்ஜ் பதிவேட்டில் 'வந்த நோக்கம்' என்று ஒரு கட்டம் இருக்கும். இத்தனை வருஷமாக அதில் 'சொந்த வேலை' என்று எழுதிப் பழகியவன் நான். இந்த முறை மகள் பக்கத்தில் நிற்கிறாளே, உண்மையை எழுதுவோம் என்று 'ஈ பிடிக்க' என்று எழுதிவிட்டேன். காரைக்குடி செக்காலை ரோட்டில் இருக்கும் அந்த லாட்ஜின் மேலாளர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

"சார், நம்ம லாட்ஜ்ல ஈயெல்லாம் கெடையாது சார். நேத்துதேன் மருந்தடிச்சோம்."

"இல்லைங்க, நாங்க பிடிக்கிறது வெளியில..."

"யாரும் ஏதும் சொன்னாகளா? ஆன்லைன்ல எதுவும் எழுதிட்டாகளா?"

எனக்குப் பின்னால் அறை கேட்டு நின்றிருந்த ஒரு குடும்பம் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்தது. மகள் செலின் முன்னால் வந்து, கல்லூரி அடையாள அட்டையைக் காட்டி, 'ப்ராஜெக்ட்' என்ற ஒரே சொல்லில் விஷயத்தை முடித்தாள். மேலாளர் நான் எழுதியதை அடித்துவிட்டு, அவரே 'படிப்பு' என்று எழுதிக்கொண்டார். பத்தாம் வகுப்பை இரண்டு தடவையில் முடித்தவன் பெயருக்கு நேரே அந்தச் சொல் நன்றாகத்தான் இருந்தது.

இந்த வலைப்பூவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக: நான் திண்டுக்கல்லில் பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு இரண்டு மூன்று பயணம் போவேன், வந்து எழுதுவேன். கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறேன் என்று என் மச்சினன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். ஓட்டியவன் ஒருநாள் பிடிக்கவும் போவான் என்று அவனே நினைத்திருக்க மாட்டான்.

செலின் மதுரையில் விலங்கியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் எடுத்த தலைப்பு மாட்டு ஈ. மாட்டைக் கடித்து ரத்தம் குடிக்குமே, அந்தத் தடித்த ஈ. கடிப்பது பெண் ஈ மட்டும்தானாம். ஆண் பூவில் தேன் குடித்துவிட்டுச் சும்மா இருக்குமாம், ஞாயிற்றுக்கிழமை என்னைப் போல. இந்த ஈக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். உடம்பில் உள்ள அடையாளங்களை வைத்து அந்தக் குடும்பத்தைத் துணைக்குடும்பங்களாகப் பிரித்துக் காட்ட வேண்டும். அதுதான் ப்ராஜெக்ட்.

சிக்கல் என்னவென்றால், அவள் இதுவரை பிடித்த அத்தனை ஈயும் ஒரே துணைக்குடும்பமாகப் போய்விட்டது. அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியை, அவள் வாயில் 'மேடம்', தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒரே துணைக்குடும்பத்தை வைத்துக்கொண்டு எதை எதிலிருந்து பிரிப்பாய்? திங்கட்கிழமை வரும்போது இன்னொன்று கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தலைப்பை மாற்றி அரிசி வண்டு எடுத்துக்கொள்.

"அரிசி வண்டுக்கு என்ன குறைச்சல்? நம்ம வீட்டுலயே இருக்கு" என்றாள் என் மனைவி. அன்று இரவு செலின் சாப்பிடவில்லை. ஒன்றரை வருஷமாக மாட்டுக்குப் பின்னாலேயே அலைந்த பிள்ளை. அரிசிப் பானையைக் காட்டினால் எப்படிச் சாப்பிடுவாள்?

அவளுக்கு ஒரு துப்பு மட்டும் இருந்தது. கல்லூரிப் பெட்டியில் பழைய ஈ ஒன்று ஊசியில் குத்தியபடி இருக்கிறது. யாரோ எப்போதோ பிடித்தது. தலையை எறும்பு தின்றுவிட்டது. பின்னங்கால் இரண்டும் உதிர்ந்துவிட்டன. கருப்புப் பட்டையோடு ஓர் இறக்கை பாக்கி. அடியில் உள்ள சீட்டில் 'காரைக்குடி வட்டாரம், நெற்குப்பை'. இதுதான் அந்த இன்னொரு துணைக்குடும்பம் என்று செலின் சொல்கிறாள். தலையும் இல்லாத காலும் இல்லாத ஒன்றை வைத்து ஒப்புக்கொள்ள முடியாது என்று மேடம் சொல்கிறார். நான் மேடம் பக்கம். பாதி உடைந்த பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்து 'அண்ணே, இதே மாதிரி ஒண்ணு' என்று கேட்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அதை வண்டியில் மாட்டும் கொக்கி இருந்தால்தான் எந்த வண்டி என்று சொல்ல முடியும்.

கூட வருவதாக இருந்த தோழிக்குக் காய்ச்சல். தனியாகப் போகக் கூடாது என்று மனைவி சொல்ல, கடையைப் பையனிடம் விட்டுவிட்டு நான் கிளம்பினேன். கார்த்திகை மாதக் கடைசி வெள்ளி. மழை விட்டிருந்தது.

திண்டுக்கல்லிலிருந்து காரைக்குடி நூற்றுப்பத்து கிலோமீட்டர் வரும். நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழி. காலை ஏழேகால் பஸ், பத்தரைக்கு இறங்கினோம். ஜன்னல் ஓரம் செலினுக்கு. ஈ வலையின் கம்பு எனக்கும் கண்டக்டருக்கும் நடுவில்.

நத்தம் தாண்டும்வரை எனக்குப் பாடம் நடந்தது. ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து எங்கள் பேச்சு 'சாப்டியா', 'சாப்டேன்', 'காசு இருக்கா', 'இருக்கு' என்ற நாலு சொல்லில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் பாடமாக இருந்தாலும் பரவாயில்லை என்று கேட்டேன். அவள் பிடித்து வைத்திருந்த முதல் துணைக்குடும்பத்துக்குப் பின்னங்காலில், முழங்காலுக்குக் கீழே உள்ள துண்டின் நுனி மழமழவென்று முடிந்துவிடும். உணர்கொம்பு குட்டை. இரண்டாவதற்கு அதே நுனியில் இரண்டு முள் நீட்டிக்கொண்டிருக்கும். உச்சந்தலையில் பெரிய கண்களுக்கு நடுவே மூன்று குட்டிக் கண்கள் இருக்கும். உணர்கொம்பு நீளம்.

"இறக்கையில பட்டை இருந்தாப் போதாதா?" என்றேன்.

"போதாதுப்பா. முதல் கூட்டத்துலயும் இறக்கையில கோலம் போட்டதுங்க இருக்கு. முள்ளுதான் சாட்சி."

"அதாவது, ஒண்ணுக்கு சைடு ஸ்டாண்டு உண்டு, ஒண்ணுக்குக் கிடையாது."

செலின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா, வெறுத்தாளா தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு மூன்று நாளும் அவளே சைடு ஸ்டாண்டு என்றுதான் சொன்னாள்.

லாட்ஜில் இரண்டு கட்டில் அறை, ஏசி இல்லை, நாளுக்கு 950 ரூபாய். வெந்நீர் காலை எட்டு மணி வரை. பதிவேட்டு வைபவம் முடிந்து, மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு, நெற்குப்பைக்கு நாளை போகலாம், இன்றைக்குப் பக்கத்தில் பார்ப்போம் என்று தேவகோட்டை ரோட்டில் ஒரு மாட்டுக்கொட்டகைக்குப் போனோம். ஆட்டோ 120 ரூபாய். செலின் வலையை ஒரு வீசு வீசி, வாயைச் சுருட்டிப் பிடித்து, உள்ளே கண்ணாடிக் குழாயை விட்டு ஈயை வாங்கும் அழகைப் பார்க்க வேண்டும். நானும் ஒருமுறை வீசினேன். ஒரு வைக்கோல் கட்டும் கொட்டகைக்காரர் துண்டும் கிடைத்தன.

அறைக்கு வந்து ஒவ்வொன்றாக லென்ஸில் பார்த்தாள். நானும் பார்த்தேன். மழமழ, மழமழ, மழமழ. மனைவி போன் செய்தாள்.

"ஈ கிடைச்சுச்சா?"

"கிடைச்சது. வகையறா சரியில்ல."

"மாப்பிள்ளை பாத்துட்டு வந்த மாதிரி சொல்றீங்க."

பிறகு செலின் மேடத்திடம் பேசினாள். "நாளைக்கு நெற்குப்பை போறோம் மேடம். இல்ல மேடம், தனியா இல்ல. ஃபீல்டு அசிஸ்டென்ட் ஒருத்தர் இருக்கார்." ஒருத்தர் யார் என்று நான் ஒரு நொடி அறையைச் சுற்றிப் பார்த்தேன். இருபத்தைந்து வருஷம் சொந்தக் கடை வைத்தவனுக்கு முதல் உத்தியோகம்.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு பஸ். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஒரு மணி நேரம். பெரிய பெரிய வீடுகளின் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்க, நடுவே பஸ் நெளிந்து போகிறது. அந்த வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் வேறு வலைப்பூ படியுங்கள். நாங்கள் நேராகக் கண்மாய்க்குப் போனோம்.

ஆட்டோக்காரர் சேவுகன், முப்பத்தைந்து வயது இருக்கும். அரைநாளைக்கு 600 ரூபாய் பேசினோம். வலையைப் பார்த்துவிட்டு, "மீனுக்கு இந்தக் கண்ணு பத்தாதேண்ணே, எல்லாம் அடைச்சுக்கிரும்" என்றார். ஈ என்றதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்து முழுக் கதையும் கேட்டார். துணைக்குடும்பம், முள், குட்டிக் கண், எல்லாம்.

"இது நம்ம நகரத்தார் வீட்டு ஐட்டமாவுல இருக்கு" என்றார். "அவுகள்ல ஒன்பது கோயில், ஒவ்வொண்ணும் ஒரு பங்காளிக் கூட்டம். ஆளைப் பாத்து எந்தக் கோயில்னு சொல்லிற முடியாது, வாயத் தொறந்து கேட்டாத்தேன். ஒரே கோயில்னா பொண்ணு குடுக்க மாட்டாக. உங்க ஈ தேவலை தங்கச்சி, காலைத் தூக்கிப் பாத்தாத் தெரிஞ்சுருது."

"அந்தக் கால் கிடைக்கணுமே அண்ணே" என்றாள் செலின்.

கண்மாய் நிறைந்து கிடந்தது. கரையில் ஒரு வேலிக்கருவை நிழலில் கருங்காளை ஒன்று கட்டியிருந்தது. திமில் என் தோள் உயரம். பொங்கலுக்கு மஞ்சுவிரட்டில் விடப்போகிற மாடு. காலையில் கண்மாயில் நீந்தவிட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஈரம் காயாத கருப்பு உடம்பு வெயிலில் மின்னியது. வால் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. வால் அடித்தால் ஈ இருக்கிறது என்று அர்த்தம். செலின் குழாயை இடுப்பில் செருகிக்கொண்டு வலையைத் தூக்கினாள். காளை தலையைத் தாழ்த்தி மண்ணைக் கிளறியது. நான் எப்போது ஆட்டோவுக்குப் பின்னால் வந்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

"ஏத்தா! வலைய மடக்கு மொத!"

கரைக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் அம்மா ஏறி வந்தார். ராக்கம்மா, காளை அவருடையது. நாற்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் புல்லுக்கட்டு, கையில் அரிவாள்.

"கிட்டக்க போகலைக்கா, ஈயைத்தான்..." என்றாள் செலின்.

"ஈயோ, யானையோ. வேத்தாளு கிட்டக்க நிக்கப்படாது. தெனம் ஒரு ஆளு வந்து வலையக் காட்டி, கையக் காட்டிப் பழக்கிட்டா, அதுக்குக் கூச்சம் விட்டுப் போயிரும். அப்பறம் தை மாசம் மஞ்சுவிரட்டுத் தொழுவுல அவுத்து விட்டா, எவன் வந்து திமில்ல கைய வச்சாலும் வா மாமான்னு நிக்கும். நான் ஒருத்தி, எம் மகன் ஒருத்தன். ரெண்டு பேரு கைதேன் அதும்மேல படணும். எம் மருமகளையே விடுறதில்ல."

அவர் சொன்னது நியாயம். செலின் முகம் விழுந்துவிட்டது. மற்ற மாடுகள் எல்லாம் மழைக்குப் பயந்து மேட்டுப் பக்கம் போய்விட்டன என்று சேவுகன் விசாரித்து வந்து சொன்னார். கண்மாய் ஓரத்தில் இருந்தது இந்த ஒரு மாடுதான்.

"ஈயப் புடிச்சா எங்க காளைக்குக் கடி கொறையுமாத்தா?" என்று ராக்கம்மா கேட்டார்.

செலினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "குறையாதுக்கா. எது எந்த வகையறான்னு பாக்க மட்டும்தான்."

"அம்புட்டுத்தானா? அதுக்கா திண்டுக்கல்லுலருந்து வந்துருக்கீக?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அழுக்குத் தெரியாது என்று மனைவி எடுத்து வைத்த கருப்புச் சட்டையைப் போட்டிருந்தேன். வேர்த்து நனைந்து அதுவும் மின்னியது. "அப்ப உங்கப்பாவக் கட்டிப்போடு. எங்க காளைக்கு வர்ற ஈ இவுகளுக்கு வராதாக்கும்? நெறமும் அதேன், ஒடம்பும் அதேன்."

சேவுகன் ஆட்டோவைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். செலின் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள். லாட்ஜில் லென்ஸுக்கு அடியில் வைத்த பொருளைப் பார்ப்பாளே, அப்படி.

"அப்பா, உண்மையிலேயே அது அப்படித்தான் தேடி வரும். கருப்பா, சூடா, மூச்சு விடுறதா ஒண்ணு."

ஆக, காலை ஒன்பதே காலுக்கு நான் கண்மாய்க் கரையில், காளையிலிருந்து நாற்பதடி தள்ளி, ஒரு கல்லில் வெயிலைப் பார்த்து உட்கார வைக்கப்பட்டேன். சட்டைக் கை முழங்கைக்கு மேலே சுருட்டப்பட்டது. உத்தரவுகள் இவை: பெரிதாக மூச்சு விடு, அசையாதே, கடித்தாலும் அடிக்காதே. கடித்து ஊன்றி உட்கார்ந்தால்தான் குழாயைக் கவிழ்க்க முடியும். போகிற வருகிறவர்கள் எல்லாம் "என்ன, ஐயாவுக்கு வைத்தியமா?" என்று சேவுகனிடம் விசாரித்தார்கள். "ஆமா, மாட்டு வைத்தியம்" என்றார் அவர்.

முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு தடித்த ஈ சட்டை மேல் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, அசல் மாட்டிடமே போய்விட்டன. அதன்பிறகு இடது கையில் சுருக்கென்று ஒன்று. ஊசி மாதிரி இல்லை. பிளேடால் கீறுகிற மாதிரி. செலின் குழாயோடு குனிகிறாள், குனிந்துகொண்டே இருக்கிறாள், பளார் என்று ஒரு சத்தம். அது என் வலது கை. சத்தியமாக நான் அனுப்பவில்லை, அதுவாகப் போனது.

செலின் இடுக்கியால் என் தோலிலிருந்து அதைப் பிரித்து எடுத்தாள். ஓர் இறக்கை முழுசாக இருந்தது, நடுவில் கருப்புப் பட்டை. மீதி எல்லாம் சட்னி.

"பின்னங்கால்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் லென்ஸை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இல்ல. எல்லாம் ஒண்ணாப் போச்சு." இறக்கையை இடுக்கியால் தூக்கிப் பார்த்து, "அப்பா, இது அதுதான்" என்றாள்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இறக்கை ஏற்கெனவே கல்லூரிப் பெட்டியில் ஒன்று இருக்கிறது. இன்னொரு இறக்கையைக் கொண்டுபோனால் மேடம் என்ன சொல்வார் என்று எனக்கே தெரியும்.

ராக்கம்மா புல்லைப் போட்டுக்கொண்டே பார்த்திருந்தார். "ஆத்தி! எங்க காளகூட வாலால லேசா ஓட்டித்தேன் விடும். அண்ணே கொலையில்ல செய்றாக."

பதினொன்றரைக்கு மழை பிடித்தது. இரண்டு மணிவரை ஆட்டோவுக்குள் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். பஸ்ஸில் செலின் வலையை மடித்து இருக்கைக்கு அடியில் தள்ளினாள். காரைக்குடியில் இறங்கியதும், "அரிசி வண்டுக்கும் இதே லென்ஸ் போதும்ல?" என்று கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. மழையைப் பார்த்துக் கேட்டாள். அன்று ராத்திரி வெள்ளைப் பணியாரம் வாங்கிக் கொடுத்தேன், தட்டு 50 ரூபாய். ஒன்றைத் தின்றாள்.

ஞாயிறு காலை செக்காலை சர்ச்சில் முதல் பூசை. சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருக்கும்போது நான் கையைப் பழக்கிக்கொண்டிருந்தேன். முன் பெஞ்சிலிருந்து ஒரு கொசு என் இடது கைக்கு வந்தது. அடிக்காமல் விட்டேன். பூசை முடிந்ததும் அறையைக் காலி செய்துவிட்டு, பையோடு மறுபடியும் நெற்குப்பை. வானம் வெளுத்திருந்தது. சேவுகன் நிறுத்தத்திலேயே நின்றார். "வருவீகன்னு தெரியும். நேத்து அந்தத் தங்கச்சி மொகமே சரியில்ல" என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு நூறு ரூபாய் அதிகம் கேட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்லில் உட்கார்ந்தேன். அதே கருப்புச் சட்டை, துவைக்காதது. வேர்வை நாற்றம் நல்லது என்று செலின் சொல்லிவிட்டாள். என் வலது கையை என்ன செய்வது என்றுதான் ஆலோசனை. துண்டால் கட்டலாம் என்றார் சேவுகன். ராக்கம்மா அந்தப் பக்கம் போனவர், ஒரு செம்பு நிறைய மோரைக் கொண்டுவந்து என் வலது கையில் வைத்தார். விளிம்பு தொட்டு நின்றது.

"சிந்தாமப் புடிங்க. சிந்துனீக, இந்த வெயில்ல வேற தர மாட்டேன்."

நல்ல யோசனைதான். மோரையும் பார்க்க வேண்டும், மூச்சும் விட வேண்டும், அசையவும் கூடாது. என் கல்யாணத்தில்கூட நான் இவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்ததில்லை. செலின் என் இடது பக்கம் மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டாள். அரை மணி. ஒரு மணி. காளை வாலை அடித்தது. எனக்கும் ஒரு வால் இருந்தால் என்ன என்று தோன்றியது.

வந்தது. சத்தமே இல்லாமல், முன்கையில், நேற்றைய காயத்துக்கு அரை அங்குலம் தள்ளி. இறக்கையை மடிக்காமல் அம்பு முனை மாதிரி அகட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. குறுக்கே கருப்புப் பட்டை. கீறியது. மோர் விளிம்பில் ஒரு நடுக்கம் ஓடிற்று. இன்னும் கீறியது. கண்ணில் தண்ணீர் வந்தது. பல்லைக் கடித்தேன். செலின் குழாயைக் கவிழ்க்கவில்லை. லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு என் கையருகே வந்துகொண்டே இருந்தாள்.

"அசையாதீங்க. அசையாதீங்கப்பா... இருக்கு. ரெண்டு. சைடு ஸ்டாண்டு ரெண்டு."

"பிடி பிள்ளை" என்றேன், உதடு அசையாமல்.

"ஒரு நிமிஷம். அப்பா, கண்ணைப் பாருங்க. செத்துட்டா இந்த நிறம் போயிரும். பெட்டியில வச்சா வெறும் கருப்பாத்தான் தெரியும். இப்பவே பாத்துக்கங்க."

லென்ஸை என் கண்ணுக்கு நேரே பிடித்தாள். பச்சை. அதில் தங்கத் தூள் தூவி, நடுவே கரும்புள்ளி வைத்த பச்சை. பைக் டேங்குக்கு எத்தனையோ விதமாக மினுக்குப் பெயின்ட் விற்றிருக்கிறேன், இந்த நிறம் எந்தக் கம்பெனியும் போட்டதில்லை. உச்சந்தலையில் மூன்று பொட்டுக் கண்ணும் தெரிந்தது. அதற்குள் அது என் ரத்தத்தில் வயிறு உப்பிவிட்டது. பிறகு குழாய் கவிழ்ந்தது, மூடி விழுந்தது.

"வலிச்சுச்சாப்பா?"

"சேச்சே" என்றேன். ஒரு சொட்டு மோர்கூடச் சிந்தவில்லை. ஒரே மூச்சில் குடித்தேன்.

"அண்ணே, தை மாசம் உங்களயும் தொழுவுல பேரு குடுத்துரலாம் போலருக்கு" என்றார் சேவுகன். ராக்கம்மா குழாயை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இம்புட்டுக்காணு ஈக்கா ரெண்டு நாளு?" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு, அப்படியே போகிற போக்கில், "எந்த வகையறான்னு தெரிஞ்சுருச்சா?" என்று கேட்டார். தெரிந்துவிட்டது என்று செலின் சொன்னாள். ராக்கம்மா, "அப்பச் சரி" என்று காளையிடம் போய்விட்டார்.

கண்மாய்க் கரையிலிருந்தே மேடத்துக்குப் போன். அந்தப் பக்கம் கேட்ட கேள்வி எனக்கே கேட்டது: முள் ரெண்டும் முழுசா இருக்கா? "முழுசா இருக்கு மேடம். தலையும் இருக்கு." "சரி, வா. வண்டுப் பெட்டியை வேற பொண்ணுக்குக் குடுத்துர்றேன்" என்றார். செலின் போனை வைத்துவிட்டு, வலையை எடுத்துச் சும்மா காற்றில் ஒரு வீசு வீசினாள்.

இப்படிப் பிள்ளைகளோடு போகப்போகிற அப்பா அம்மாக்களுக்குச் சில விஷயம். நெற்குப்பை மட்டும்தான் வேலை என்றால் காரைக்குடியில் தங்காதீர்கள், திருப்பத்தூரிலேயே இறங்கினால் பாதி தூரம் மிச்சம். இது எனக்குத் திரும்பி வரும்போதுதான் தெரிந்தது. மழை முடிந்து கண்மாய் நிறைந்திருக்கும் நாட்களில், காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிய பிறகு போங்கள். வெள்ளைச் சட்டை போட்டால் ஈ திரும்பிக்கூடப் பார்க்காது. அது வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். மஞ்சுவிரட்டுக் காளை கட்டியிருந்தால் வலையை வெளியே எடுக்கும் முன் அதன் ஆளைத் தேடிக் கேளுங்கள். கடிபட்ட இடம் மூன்று நாள் வீங்கியிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, வீக்கம் ஏறினால் டாக்டரிடம் காட்டுங்கள், என்னை மாதிரி மோர் தடவாதீர்கள். மூன்று நாளில் பஸ், ஆட்டோ, அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு ஐயாயிரத்துக்குச் சற்றுக் கீழே ஆனது. லாட்ஜ் பதிவேட்டில் 'படிப்பு' என்று எழுதுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் செலின் ஈயைக் கொல்லும் மருந்து தோய்த்த பஞ்சைக் குழாய்க்குள் போட்டாள். சிங்கம்புணரியில் வண்டி பத்து நிமிஷம் நின்றபோது குழாயைத் தூக்கிப் பார்த்தேன். கண் கருத்துவிட்டது. அவள் சொன்னது சரி. அந்தப் பச்சையை லென்ஸில் பார்த்தவர்கள் இனி நாங்கள் இரண்டு பேர்தான்.

வண்டி நிற்கும்போதே அவள் நகத்தளவு சீட்டு ஒன்றை முழங்கால் மேல் வைத்துப் பொடி எழுத்தில் எழுதினாள். ஈயோடு சேர்த்து ஊசியில் குத்தி வைக்கிற சீட்டு. ஈ உதிர்ந்து போனால்கூட அது இருக்குமாம். ஊர், கண்மாய்க் கரை, தேதி, பிடித்தவர் பெயர். அதற்குக் கீழே, எதன் மேல் உட்கார்ந்திருந்தபோது பிடித்தது என்ற வரியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது எனக்கும் புரிந்தது: மனிதன், ஆண், இடது முன்கை.

"சரியா இருக்காப்பா?" என்று காட்டினாள்.

"இடதுதான். சரியா இருக்கு" என்றேன்.

மை காய ஊதிவிட்டு அதைக் குழாயோடு சேர்த்துப் பையில் வைத்தாள். பஸ் கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், அந்த இடது பக்கம்தான். கை அரித்தது. அசைக்கவில்லை, பழகிவிட்டதே. அந்த வரியில் 'அப்பா' என்று போடக் கூடாதா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.